கழுத்தில் ஒரு கட்டைவிரல்

என்னால் இப்போதெல்லாம் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. இதை எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறேன், ஜன்னலைத் திறந்து மூடுகிறேன், காலைத் தரையில் தட்டுகிறேன். கீழ்வீட்டுக்காரர் வந்து முறைத்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் என்ன காரணம் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நான் கால்நடை மருத்துவர். பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை சொல்லித்தருகிறேன். என் வாய் சும்மா இருக்காது என்பது கல்லூரி முழுக்கத் தெரியும். மாட்டுக்குத் தையல் போடும்போதுகூட மாட்டோடு வளவளவென்று பேசிக்கொண்டேதான் போடுவேன். அம்மா எனக்கு வைத்த பெயர் வாயாடி. என் தங்கைக்கு அவள் வைத்த பெயர் நல்ல பிள்ளை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இப்படியா இருக்கும் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தரமாவது கேட்டுவிடுவார்கள். தங்கை அதே கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டு என்னோடுதான் தங்கியிருந்தாள். அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பது செருப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

கல்லூரிக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று முதல்வர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் நல்லா பேசுறீங்களே மேடம், நம்ம கல்லூரி வரலாறை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. பழைய கட்டடத்துல ஒரு கண்காட்சியும் வச்சிருவோம். அந்தக் குதிரை எலும்புக்கூட்டைக் கொஞ்சம் தொடச்சு, பெயிண்ட் அடிச்சு..."

"எலும்புக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா சார்?"

"சரி, தொடச்சா போதும். உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. அவ எதுக்கும் முடியாதுன்னு சொல்ல மாட்டா."

அவளும் சொல்லவில்லை. அப்படித்தான் ஒரு நாள் காலையில், நல்ல வெயிலில், நாங்கள் இரண்டு பேரும் பழைய கட்டடத்தின் கதவுக்கு முன்னால் போய் நின்றோம்.

கல்லூரியின் முதல் கட்டடம் அது. முதலில் குதிரை லாயமாக இருந்தது, பிறகு வகுப்பறை ஆனது, கடைசியில் அருங்காட்சியகம் என்று ஒரு பலகை மாட்டினார்கள். பலகையைத் தவிர ஒன்றும் மாறவில்லை. தரைக்கல்லில் குளம்பு தேய்ந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. நடுவில் கழுவிவிடும் வாய்க்கால் ஓடியது. சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள். ஜன்னல்கள் எல்லாம் தலைக்கு மேலே இருந்ததால் பகலிலும் வெளிச்சம் தோளுக்குக் கீழே இறங்காது. உள்ளே ஃபார்மலின் நாற்றமும் தூசியும். அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை, ஊசி குத்தும் இடத்தில் தடவுகிற பழுப்பு மருந்தின் வாசனை, மெல்ல வந்தது.

டிங்சர்.

"இங்க யாருக்கு டிங்சர் போட்டீங்க?" என்று காப்பாளரிடம் கேட்டேன். அவருக்குக் கல்லூரியில் ரேடியோ என்று பெயர். காலையில் வந்ததும் மேஜை மேல் ஒரு பழைய ரேடியோவை முடுக்கிவிடுவார், சாயங்காலம் பூட்டும்போதுதான் நிறுத்துவார்.

"எலும்புக்கு எதுக்கும்மா டிங்சர்? பழைய வாசனை, சுவத்துல ஊறிப்போச்சு" என்றார் அவர், பாட்டுக்கு மேலே கத்தி.

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்களேன்."

"எனக்கு அது இல்லேன்னா தலை வலிக்கும்மா."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. சத்தம் இல்லாவிட்டால் எனக்கும்தான் தலை வலிக்கும்.

கூடத்தின் நடுவே மேடையில் நின்றது சாது. அது ஒரு பெண்குதிரையின் எலும்புக்கூடு. பெயர் அதற்கு உயிரோடு இருந்தபோதே வந்தது. வழக்கமாகக் குதிரை எலும்பைக் கோக்கிறவர்கள் தலை நேரே பார்ப்பதுபோலக் கோப்பார்கள். இதன் தலை மேலே தூக்கி, கழுத்து நீட்டி, முகம் வலது பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. யாரோ தாடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டச் சொன்ன மாதிரி. அப்படிக் கோத்தவர் கல்லூரியைத் தொடங்கிய பெரிய டாக்டர்தான்.

அவருடைய புகைப்படம் சுவரில் இருந்தது. குதிரையின் இடது பக்கத்தில் நிற்கிறார். இடது கட்டைவிரல் அதன் கழுத்தில் அழுந்தியிருக்கிறது. அந்தக் காலத்துக் கேமரா, படம் விழ நேரம் எடுக்கும். பெரிய டாக்டர் அசைந்துவிட்டார் போலிருக்கிறது, முகம் கலங்கிப்போய்விட்டது. குதிரை மட்டும் மயிர் மயிராகத் தெளிவாக விழுந்திருந்தது. அந்தக் கட்டைவிரலும்.

"இவரு முகம் எப்படி இருக்கும்னு யாருக்குமே தெரியாதாக்கா?" என்று தங்கை கேட்டாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

வரலாறு எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் மனப்பாடம். முதல் நாள் வகுப்பில் முதல்வரே சொல்லுவார். ஊரில் தொண்டை அடைப்பான் நோய் வந்து குழந்தைகள் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்த காலம். பெரிய டாக்டர் குதிரைகளுக்கு அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அவற்றின் ரத்தத்தை எடுத்து, கண்ணாடி ஜாடியில் உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மருந்தாக்கினார். செத்துப்போக வேண்டிய குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன. நன்றிக்கடனாக ஊரே சேர்ந்து நிலம் கொடுத்தது, பல்கலைக்கழகம் கட்டடம் கொடுத்தது. அதில் பொய் ஒன்றும் கிடையாது. அந்தக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. எந்தப் பிராணியையும் கயிறு போட்டுக் கட்டி ரத்தம் எடுத்ததில்லை. உதைத்த குதிரையை விட்டுவிடுவார். தலையை உதறினால், காலைத் தரையில் அறைந்தால், "சரி, உனக்கு இஷ்டமில்லை" என்று தட்டிக்கொடுத்து அடுத்ததிடம் போய்விடுவார். லாயத்தில் ஒவ்வொன்றாக எல்லாக் குதிரைகளும் உதைக்கக் கற்றுக்கொண்டன. ஒன்றைத் தவிர.

சாது நின்றது. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதனால் அவர் அதனிடமே போனார். போன வாரம் எடுத்த ரத்தம் ஊறுவதற்குள் திரும்பப் போனார். "நல்ல பிள்ளை, அசையாதே, இன்னும் கொஞ்சம்தான்" என்று காதோரம் சொல்லிக்கொண்டே எடுப்பாராம். ஒரு நாள் ஊசியைக் குத்தினால் ரத்தம் வரவில்லை. சுவரில் சாய்ந்து, கழுத்தை நீட்டியபடி, அது எப்போதோ செத்துப்போயிருந்தது.

"தன்னையே கொடுத்த குதிரை" என்று முதல்வர் முடிப்பார். எல்லாரும் கை தட்டுவோம்.

அந்தக் குதிரை கொடுத்ததா, அதற்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லையா? கால்நடை வைத்தியம் பார்ப்பவர்கள் யாரும் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் தொழிலின் பழக்கம் அப்படி. மாணவர்களுக்கு ஊசி போடக் கற்றுத்தர வேண்டும் என்றால் என்ன சொல்வோம்? "சாதுவா இருக்கிற மாட்டைப் பிடிச்சிட்டு வா." முட்டுகிற மாடு கொட்டகையில் நிம்மதியாக அசைபோடும். நிற்கிற மாட்டின் கழுத்தில் வகுப்பே வரிசையில் நின்று குத்தும். நிற்கிறதே, அதற்கு வலிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

தங்கை தினமும் மதியம் வகுப்பு முடிந்ததும் பழைய கட்டடத்துக்குப் போனாள். சின்ன பிரஷ்ஷால் எலும்பு எலும்பாகத் தூசி தட்டினாள். கொஞ்ச நாளில் ரேடியோ, மகளுக்குப் பிரசவம் என்று லீவு போட்டுவிட்டார். சாவியை அவளிடமே கொடுத்துவிட்டு, ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் அவள் வெளுக்க ஆரம்பித்தாள்.

எனக்கு உடனே உறைக்கவில்லை. மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின்மேல் தூங்கி விழுந்தாள். சட்டைக் காலரை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டாள். "பரீட்சை வருதுல்லக்கா" என்றாள். அவள் காரணம் சொன்னதே அதிசயம் என்பதால் நம்பிவிட்டேன். ஒரு நாள் அவள் என்னைத் தாண்டிப் போனபோது டிங்சர் வாசனை அடித்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் மேல் டிங்சர் வாசனை அடிக்காமல் மல்லிகையா மணக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

அம்மா போனில் கேட்டாள். "அவ குரலே சரியில்லையே. ஒழுங்கா பாத்துக்கறியா? அவளா வாயைத் தொறந்து கேக்க மாட்டா, உனக்கே தெரியும்."

அன்று இரவு சாப்பாட்டின்போது தங்கையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை இழுத்துப் பார்த்தேன். ஆட்டுக்குச் சோகை இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத்தாள்.



மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மனித டாக்டர், பொறுமையான மனிதர். ரத்தம் எடுத்துக்கொண்டார். எங்காவது அடிபட்டதா, வயிற்றுவலியா, மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தங்கை இல்லை என்று தலையாட்டினாள். முடிவு வந்ததும் சொல்கிறேன் என்றார்.

மதியம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அவரே போன் செய்தார்.

"உடம்புல பாதி ரத்தம்கூட இல்லம்மா. உடனே கூட்டிட்டு வந்து சேர்த்துடுங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. உள்ளயும் கசிவு இல்ல, வெளியயும் காயம் இல்லங்கறா. அப்ப ரத்தம் எங்கதான் போகுது?"

போனை வைத்துவிட்டு, வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் எங்கே இருப்பாள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வானம் மூடிக்கொண்டிருந்தது. பழைய கட்டடத்தின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. ரேடியோ இல்லாத அந்தக் கூடத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. வெளியே மரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே காலை வைத்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

டிங்சர் வாசனை தொண்டையில் ஏறியது.

பிறகு ஒரு சொட்டு.

கண்ணாடி மேல் சொட்டு விழும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கண்காட்சிக்கென்று மேஜையில் அடுக்கி வைத்திருந்த பழைய ஜாடிகளைப் பார்த்தேன். எல்லாம் காலி. சொட்டுச் சத்தம் மட்டும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"ஏய், எங்கடி இருக்கே?"

சாதுவின் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பிரஷ் கீழே கிடந்தது. காலர் திறந்திருந்தது. தலை மேலே தூக்கி, கழுத்து நீட்டி, முகம் வலது பக்கம் லேசாகத் திரும்பி, கண் பாதி மூடி, எலும்புக்கூடு நின்ற அதே நிலையில் நின்றிருந்தாள்.

கிட்டே போனேன்.

கழுத்தின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் விம்மிப் புடைத்திருந்தது. அதற்குக் கீழே தோலில் ஒரு பள்ளம்.

ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு.

விரல் இல்லை. பள்ளம் மட்டும் இருந்தது. தினமும் நான் செய்கிற வேலை அது. மாட்டின் கழுத்தில் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் மேலே ரத்தம் தேங்கிக் குழாய் விம்மும்; அப்போது குத்த வேண்டும். எந்த இடத்தில் அழுத்துவது, எவ்வளவு அழுத்துவது, எல்லாம் கை பழகின ஆள் செய்த மாதிரி கச்சிதமாக இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது.

 பிறகு அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். மெலிந்த பெண், ஒரு கையால் தூக்கிவிடுவேன். அன்றைக்கு நகரவில்லை. கத்தினேன். மேஜையை உதைத்தேன், ஒரு ஜாடி விழுந்து உடைந்தது. எதிரே இருந்தது எதுவோ அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்துகிற பிராணியிடம் அதற்கு வேலை இல்லை.

தங்கையின் உதடு அசைந்தது.

"பரவால்லக்கா. இன்னும் கொஞ்சம்தான்னு சொல்றாரு."

"யாருடி?"

"பாவமா கேக்கறாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை முட்டியது. அதோடு கோபமும் வந்தது. வந்தபோதுதான் மூளை வேலை செய்தது. உதைத்த குதிரையை அவர் விட்டுவிடுவார். நான் உதைத்துப் பயனில்லை. அவள் உதைக்க வேண்டும்.

"உதைடி! காலைத் தூக்கி உதை! வேணாம்னு சொல்லு!"

அவள் லேசாகச் சிரித்தாள். அவளுக்கு அது பழக்கமில்லை. சின்ன வயதில் அவள் பென்சிலை யாராவது எடுத்தால் ரப்பரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிற பெண். உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. காதைப் பிடித்துத் திருகினேன். அவளுக்குக் கோபம் வரட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நில்லு, நல்லா நில்லு! அம்மா சொன்னா படிப்ப, முதல்வர் சொன்னா எலும்பு தொடைப்ப, செத்தவன் கேட்டா ரத்தம் குடுப்ப! உனக்குன்னு என்னதான்டி இருக்கு? சரி, நாளைக்கு என் துணியும் ஒரு மூட்டை இருக்கு, வந்து தொவச்சு வை!"

அவள் கண் திறந்தது.

"உன் துணி..." என்றாள்.

"ஆமா, என் துணி!"

"உன் துணியைத் தினம் நான்தானே தொவைக்கிறேன்!"

அது அவள் குரல்தானா என்று தெரியவில்லை. கூடம் அதிர்ந்தது. "எல்லாரும் என்கிட்டயே வந்து கேக்கறீங்க! கொழந்தைலேந்து! இவளுக்கு வேணும்னா என்னுது, அவனுக்கு வேணும்னா என்னுது! நான் டாக்டராகணும்னு யாருகிட்டயாவது சொன்னேனா? யாராவது கேட்டீங்களா? முடியாது! எனக்கு வேணாம்! எனக்கு வலிக்குது!"

தலையை உதறினாள். காலைத் தூக்கிக் கல்தரையில் ஓங்கி அறைந்தாள்.

கழுத்தில் இருந்த பள்ளம் மெல்ல எழும்பி நிரம்பியது. புடைத்த குழாய் அடங்கியது. சொட்டுச் சத்தம் நின்றது. எங்களுக்கு மிக அருகில் ஒரு கை, யாரையோ இரண்டு முறை தட்டிக்கொடுத்தது. தட்டிய சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு வெளியே காற்றுச் சத்தம் திரும்ப வந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு நர்ஸோடு சண்டை போட்டாள். கஞ்சியில் உப்பு இல்லை என்றாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், விளக்கை அணைக்கச் சொன்னாள். ஊரிலிருந்து ஓடி வந்த அம்மா திகைத்துப்போனாள். "என் நல்ல பிள்ளைக்கு என்னடி ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவளுடைய காலரை இறக்கிப் பார்த்தேன். கன்றிப்போன ஒரு நீலத் தடம், அதற்கு மேல் கடுகளவு பொருக்கு. அது உதிர்ந்ததும் தோல் சுத்தமாகிவிட்டது.

நூற்றாண்டு விழா வந்தது. முதல்வரிடம் போய்ப் பழைய கட்டடத்தைப் பூட்டிவிடச் சொல்லிப் பார்த்தேன், எலும்புக்கூட்டைப் புதைத்துவிடச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் சாதுவை மேடையோடு தூக்கி வந்து விழா அரங்கத்திலேயே வைத்துவிட்டார்கள். பக்கத்தில் பெரிய டாக்டரின் படம், மாலையோடு.

நான் எழுதிய வரலாற்றில் 'தன்னையே கொடுத்த குதிரை' இல்லை. எடுக்கப்பட்ட குதிரை என்று எழுதியிருந்தேன். முதல்வர் அதைப் படிக்காமல் தாண்டிவிட்டார். மேடையில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் அம்மாவும் தங்கையும். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "வருவேன். நீ யாரு என்னைத் தடுக்க?" என்றாள் தங்கை.

அரங்கம் நிறைய மாணவர்கள், கசகசவென்று பேச்சு. அதுவரை எனக்குப் பயமில்லை. அவ்வளவு சத்தத்தில் எது வரும்?

முதல்வர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கல்லூரியைத் தந்த மகானுக்கும், அவருடைய சாதுவுக்கும் மரியாதை செய்யும் விதமாக, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலிகள் சரசரத்தன. எல்லாரும் எழுந்தார்கள். எல்லாரும் அடங்கினார்கள்.

அத்தனை பேரும், ஒருவர்கூட அசையாமல்.

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

டிங்சர்.

முதல் வரிசையின் ஓரத்தில் நின்ற மாணவனின் தலை மெல்ல உயர்ந்தது. முகம் வலது பக்கம் திரும்பியது. பிறகு நேரானது. அடுத்து அவன் பக்கத்தில் இருந்த பெண். அவளுக்கு அடுத்தவன். ஒவ்வொருவராக, தாடையை யாரோ தூக்கிப் பார்த்துவிட்டு விடுகிற மாதிரி. சந்தையில் மாடு வாங்க வந்தவன் வரிசையாகப் பல்லைப் பார்த்துக்கொண்டு போவானே, அப்படி. யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு நின்றார்கள்.

இரண்டாம் வரிசை.

நான் தங்கையை மட்டும் பார்த்தேன். அசை, அசை என்று மனசுக்குள் கதறினேன். கண்ணை அவள்மேலிருந்து எடுக்கவில்லை.

மூன்றாம் வரிசை. அம்மாவின் முகம் உயர்ந்து, திரும்பி, இறங்கியது.

தங்கை காலைத் தூக்கித் தரையில் அறைந்தாள். அந்த மௌனத்தில் அது வெடிச்சத்தம். தலையை உதறினாள். திரும்ப அறைந்தாள். நாலு பேர் கண் திறந்து முறைத்தார்கள். அம்மா வெட்கப்பட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அறைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு அடுத்து நின்றவனின் தலை உயர்ந்தது.

அவளைத் தாண்டிப் போய்விட்டது.

எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் தங்கை என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கையை நீட்டி மேடையைக் காட்டினாள்.

"அக்கா! அசைக்கா!"

அவள் கத்தியது எனக்குக் கேட்டது. ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவளையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த நிமிடம் முழுக்க நான் ஓர் இம்மிகூட அசையாமல் நின்றிருந்தேன். என் வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை.

என் முகம் ஏற்கெனவே வலது பக்கம் திரும்பியிருந்தது.

துள்ளி, நாற்காலியைத் தள்ளிவிட்டு, மைக்கோடு சேர்ந்து விழுந்தேன். எல்லாரும் ஓடி வந்து தூக்கினார்கள். முதல்வர் தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து நான் நிற்பதில்லை, உட்காருவதில்லை, பேச்சை நிறுத்துவதில்லை. பகலெல்லாம் சமாளித்துவிடுகிறேன்.

ஆனால் தூக்கத்தில் எந்தப் பிராணியும் சாதுதான்.

தங்கை என் கட்டில் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் கண்ணயர்ந்தால் உலுக்குகிறாள், கிள்ளுகிறாள், திட்டுகிறாள். படிப்பை விட்டுவிடப்போகிறாளாம், அதை அம்மாவிடம் கத்தியே சொல்லிவிட்டாள். என்னைக் காப்பாற்றுவது மட்டும் யாரும் சொல்லாமல் அவளாக எடுத்துக்கொண்ட வேலை. நேற்று அவளும் பாவம், அசந்து தூங்கிவிட்டாள்.

காலையில் தலையணை உறையில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை. கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தேன். அவளிடம் இன்னும் காட்டவில்லை. காலரை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. தூக்கத்தில் ஒரு கை என் தாடையைத் தூக்கியது எனக்குத் தெரிந்தது. உதைத்திருக்கலாம். கால் என் வசத்தில்தான் இருந்தது. அப்போது காதோரம் அந்தக் குரல் மெல்ல, பாசமாக, "நல்ல பிள்ளை" என்றது.

பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு அசையத் தோன்றவில்லை.